மஞ்சள் பனியன்

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் என்று ஒன்றை எழுதி உன் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னித்துக்கொள். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இது எதற்கு என்று நினைப்பாய். போனில் முதலில் அம்மா பேசுவாள், பிறகு அப்பா. அதற்குள் மாடிவீட்டு அத்தை இறங்கி வந்து, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று தன் பங்குக்குக் கேட்பார். என் முறை வரும்போது எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "நல்லாயிருக்கியாக்கா" என்று கேட்டுவிட்டு, அடுத்தது என்னவென்று தெரியாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். தாளில் எழுதினால் அந்தக் கஷ்டம் இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். அப்பா பட்டறைக்குப் புது வெல்டிங் முகமூடி வாங்கியிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டால் விண்வெளிக்குக் கிளம்புகிற ஆள் மாதிரி இருப்பதாக அம்மாவுக்கு ஒரே கேலி. அம்மா சலவை நிலையத்தில் அதே இஸ்திரி மேசையில்தான். ஓட்டல் விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்து, இப்போதெல்லாம் எங்கே சுருக்கத்தைப் பார்த்தாலும் அவளுக்குக் கை பரபரக்கிறது.

என் வேலை நிரந்தரமாகிவிட்டது. தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் என் மேசைமேல் பெயரும் பட்டமும் பொறித்த தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் பெயருக்குப் பின்னால் எழுத்து வந்திருப்பது இதுதான் முதல் தடவை. அப்பா ஒருநாள் வந்து அதைத் தடவிப் பார்த்தார். யார் அடித்த தகடு, ஓரத்தை அரம் போட்டுச் சரியாக ராவவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் பாராட்டு.

உண்மையில் உன்னிடம் ஒன்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். முதல் கடிதத்திலேயே கேட்டால், காரியத்துக்காக எழுதிய மாதிரி ஆகிவிடும். அடுத்ததில் கேட்கிறேன். முட்டியைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை


அக்டோபர் 9

அன்புள்ள பூனைக்கு,

நீ நடந்தால் சத்தம் வராது என்றுதானே பூனை என்று பெயர் வைத்தேன். எழுதினால் நன்றாகவே சத்தம் வருகிறது. கடிதத்தை ஆட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். நானும் சுகம். முட்டி என்னைவிடச் சுகம்.

நான் இருக்கிற வீட்டை அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள், போனில் சொல்ல வரவில்லை. மூன்றாவது மாடி, இரண்டு அறை, கீழே சைக்கிள் பழுது பார்க்கிற கடை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எங்கள் கூடைப்பந்து அரங்கத்தின் பின்கதவு தெரியும். வீட்டைக் கொடுத்திருப்பது கிளப். இங்கே யாரையும் முகத்துக்கு நேரே "நீ போ" என்று சொல்வதில்லை. பயிற்சி முடிந்து குளித்துவிட்டு வரும்போது மேலாளர் கதவருகே நின்றுகொண்டு, "வீட்டுச் சாவி கையில இருக்கா?" என்று கேட்பார். கொடுத்ததும் வீடும் ஆட்டமும் முடிந்தது. அதனால் வெளிநாட்டிலிருந்து வந்து ஆடுகிறவர்கள் யாரும் சாவியைப் பையில் வைப்பதில்லை. எங்கள் அணியின் நடுவில் நிற்கிறவள், நான் மலை என்று பெயர் வைத்தவள் (அவளும் வெளிநாட்டுக்காரிதான்), அதை ஷூவுக்குள் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நடப்பாள்.

போன வாரம் எங்கள் வீட்டின் இன்னொரு அறைக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். வேறு நாடு, சின்ன வயசு. நிமிர்ந்தால் விளக்கு இடிக்கிறது. தெருவே ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்ட நான் இவள் பக்கத்தில் குள்ளச்சி. கொக்கு என்று பெயர் வைத்திருக்கிறேன். அவளும் என் இடத்தில்தான் ஆடுகிறவள். எங்கள் அணியின் ஆட்ட அமைப்புகளை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளர் என்னிடம் விட்டிருக்கிறார். பெரிய பொறுப்பு.

வேறு விசேஷம் இல்லை. ஏதோ கேட்க வேண்டும் என்றாயே, என்ன அது? எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் போனில் கேட்டதுதான், இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

மதிய இடைவேளையில் உங்கள் போட்டியின் விதிகளைத் தேடிப் படித்தேன். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி இரண்டு வெளிநாட்டு வீராங்கனைகளைத்தான் இறக்கலாம் என்று எழுதியிருக்கிறது. மலை, நீ, கொக்கு. இதற்கு ஏதாவது விலக்கு இருக்கும், எனக்குப் புரிந்திருக்காது. எங்கள் கூடத்திலும் விதியில் ஒன்று இருக்கும், நடப்பது வேறாக இருக்கும்.

நான் கேட்க வந்தது அப்படி ஒன்றும் அவசரமில்லை. அது கிடக்கட்டும்.

அதைவிட நல்ல சேதி: சனிக்கிழமை உங்கள் ஆட்டத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள். கூடத்திலிருந்து பெரிய திரை ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். பட்டறை ஆட்கள், சலவை நிலையப் பெண்கள், மாடிவீட்டு அத்தை எல்லோரையும் நானே போய் அழைத்தேன். நான் நாலு வாசல் ஏறிப் பேசினேன் என்றால் நீ நம்ப மாட்டாய். அப்பாவும் நம்பவில்லை. "இவளா கூப்ட்டா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். ஆனாலும் நன்றாக ஆடு.

உன் தங்கை


நவம்பர் 11

அன்புள்ள பூனைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இன்னும் வரவில்லை, நானே முந்திக்கொள்கிறேன். இங்கே நலம். சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்துவிட்டோம். கொக்கு பிரமாதம். மலைக்கு உதட்டில் அடி, இரண்டு நாளாகப் பேசாமல் இருக்கிறாள், உடைமாற்றும் அறை நிம்மதியாக இருக்கிறது. குளிர் தொடங்கிவிட்டது. நல்ல கோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். அவசரமாக எழுதுகிறேன்.

அக்கா


நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோட்டு விஷயத்தை அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே பார்த்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் உட்கார இடமில்லை. அம்மா சலவை நிலையத்திலிருந்து பழைய விரிப்புகளைக் கொண்டுவந்து தரையில் விரித்திருந்தாள். உங்கள் அணி அரங்கத்துக்குள் ஓடி வந்தபோது பட்டறை ஆட்கள் கை தட்டினார்கள். உன் எண்ணைத் தேடினோம். முதல் கால்பகுதி முழுக்கத் தேடினோம். பெஞ்சிலும் இல்லை. அப்புறம் ஒரு நிமிடம் பார்வையாளர் பக்கம் காட்டினார்கள். பெஞ்சுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில், கோட்டு போட்டுக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி நீ உட்கார்ந்திருந்தாய்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன்டி, உங்கக்கா ஆடப் போயிருக்காளா, ஆட்டம் பாக்கப் போயிருக்காளா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பா, ஒரே நாளில் எல்லாரையுமா இறக்குவார்கள், அடுத்த ஆட்டத்தில் இறங்குவாள் என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா எழுந்து பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். அதற்குள் உன்னைக் காட்டுவதை விட்டுவிட்டார்கள்.

"தோள்ல எவ்வளவு சுருக்கம் பாத்தியா" என்றாள். "தேச்சுக் குடுக்கக்கூட ஆள் இல்ல போலிருக்கு அங்க."

ஆட்டம் முடிகிறவரை யாரும் எழுந்து போகவில்லை, அது ஒரு மரியாதை. போன பிறகு அம்மா விரிப்புகளை மடித்தாள். மூலைக்கு மூலை சேர்த்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். நான் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நீ எழுதியதை எடுத்துப் பார்த்தேன். "ஜெயித்துவிட்டோம்" என்று இருக்கிறது. அதில் பொய் இல்லை. ஆனால் போனில் கேட்க முடியாததைத் தாளில் கேட்கலாம் என்றுதானே இதைத் தொடங்கினேன். அதனால் கேட்கிறேன். அக்கா, நீ ஆடுகிறாயா இல்லையா?

உன் தங்கை


ஜனவரி 16

பூனைக்கு,

நலமா என்று கேட்காமல் ஆரம்பிக்கிறேன். கோபம். இத்தனை நாள் பதில் போடாததும் அதனால்தான். தெருவைக் கூட்டி உட்காரவைத்துக் காட்ட நான் என்ன சர்க்கஸா? அத்தை கேட்டது என் காதில் இன்னும் கேட்கிறது, நான் அங்கே இல்லாவிட்டாலும்.

கோபம் உன்மேல் இல்லை என்று எழுத எழுதத் தெரிகிறது. சரி, கேட்டதற்குப் பதில். ஆடவில்லை. கொக்கு வந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஆடவில்லை. நீ படித்த விதி சரிதான், அதற்கு விலக்கு ஒன்றும் கிடையாது.

நான் என்ன செய்கிறேன் தெரியுமா? மஞ்சள் பனியன் போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வாரமும் பயிற்சியில் எங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஆடப் போகிறவர்களுக்கு வெள்ளை. மற்றவர்களுக்கு மஞ்சள். மஞ்சள் போட்டவர்கள் அடுத்து வரப்போகிற எதிரணி மாதிரி ஆட வேண்டும். அந்த அணியின் முக்கியமான ஆள் யாரோ, அவளாக நான் ஆட வேண்டும். அவள் இடது பக்கம் போகிறவள் என்றால் நான் இடது பக்கம் போக வேண்டும். அவள் முரட்டுத்தனமாக மோதுகிறவள் என்றால் நான் மோத வேண்டும். கொக்கு என்னைத் தடுத்துப் பழகிக்கொண்டு, சனிக்கிழமை நிஜ ஆளைத் தடுப்பாள். இந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் ஒருத்தியாக இருந்துவிட்டேன். நானாகத்தான் ஒருநாளும் இருக்கவில்லை.

முதல் மாதம் கடனே என்று செய்தேன். ஒருநாள் கொக்கு என்னைச் சுலபமாகத் தாண்டிப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டு, "ஸாரி" என்றாள். அந்த ஸாரியில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்குத் தீர்மானம் செய்தேன். இதைத்தான் தருகிறார்கள் என்றால் இதிலேயே என்னைத் தாண்ட முடியாமல் செய்கிறேன். அவர்கள் சாவியைக் கேட்கட்டும், நானாகக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி எழுது என்று யாராவது சொன்னால், எழுதாதே.

உன்னால் உதவ முடியும், நிஜமாகவே கேட்கிறேன். சின்ன வயதில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்கள் எல்லோரையும் போன பிறகு நடித்துக் காட்டுவாயே. மார்ச்சில் ஓர் அணி வருகிறது, விவரத்தைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அவர்களுடைய பதினோராம் எண்ணுக்காரியைப் பார். பயிற்சியாளர் பார்ப்பதை நானும் பார்க்கிறேன். நீ வேறு எதையாவது பார்ப்பாய்.

அம்மாவிடம் கோட்டைத் தேய்த்துவிட்டேன் என்று சொல்.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோபம் தீர்ந்ததா?

எங்கள் கூடத்தில் ஒரு குழாய்த் தண்ணீரை ஒரு தடவை மட்டும் சோதித்து முடிவு எழுத மாட்டோம். அதனால் பதினொன்று ஆடிய ஆட்டங்களில் கிடைத்ததையெல்லாம் பார்த்தேன். எனக்குக் கூடைப்பந்து தெரியாது, கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

வலது பக்கம் போகப் போகிறாள் என்றால், பந்து கைக்கு வருவதற்கு முன்பே ஒரு தடவை ஷூவின் அடியை உள்ளங்கையால் துடைத்துக்கொள்கிறாள். இடது பக்கம் என்றால் துடைப்பதில்லை. களைத்துவிட்டால் பனியனின் நுனியை இடுப்புக்குள் செருகுவாள், அதன்பிறகு மோதலுக்கு வரமாட்டாள், தூரத்திலிருந்தே எறிவாள். ஒரு பந்து தவறிவிட்டால் ரோஷம். அடுத்த பந்தை யாருக்கும் தரமாட்டாள், தானேதான் போடுவாள். அந்த நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து மறித்தாலும் தரமாட்டாள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கலாம். தப்பாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடு. இன்னும் இரண்டு அணிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன், அடுத்த தாளில் இருக்கிறது.

அப்பா உன்னை வந்துவிடச் சொல்லி எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. சொன்னார் என்பதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 10

அன்புள்ள பூனைக்கு,

நலம், நலம், நலம். பயிற்சியில் நான் ஷூவைத் துடைத்துவிட்டு வலது பக்கம் போனேன். துடைக்காமல் இடது பக்கம் போனேன். மூன்றாம் நாள் கொக்கு பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்க்கத் தொடங்கினாள். மலை விழுந்து விழுந்து சிரித்தாள். சனிக்கிழமை அந்தப் பதினொன்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரோஷத்தில் அவள் பந்தை யாருக்கும் தராமல் வைத்துக்கொண்டு நின்றபோது, கோட்டும் கையுமாக நான் எழுந்து நின்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

இன்னொன்று. அதே வாரம், இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடுகிற சின்ன ஊர் அணி ஒன்று எங்களோடு சேர்ந்து பயிற்சி செய்ய வந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் ஒரு அம்மா, கழுத்தில் விசிலோடு பிறந்த மாதிரி இருப்பார். நான் மஞ்சள் பனியனில் பதினொன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பக்கத்தில் வந்து, "இவ்வளவு நேரம் அவள மாதிரி ஆடினே, சரி. இப்ப உன்ன மாதிரி கொஞ்சம் ஆடு, பாக்கறேன்" என்றார்.

பூனை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்கு வரவில்லை. எந்தப் பக்கம் போவேன், எப்போது எறிவேன், எதுவும் நினைவில்லை. அப்புறம் ஏதோ ஆடினேன். அவர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள பூனைக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. சாவி கேட்டுவிட்டார்கள். ஷூவுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன், வெதுவெதுவென்று இருந்தது. மேலாளர் அதை இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டார். கொக்கு அழுதாள். நான் அழவில்லை, அழுதால் அவளை யார் சமாதானம் செய்வது?

விமான டிக்கெட் எடுத்துத் தருகிறோம், ஊருக்குப் போகலாம் என்றார்கள். நான் பஸ் ஏறி அந்த விசில்காரி இருக்கிற ஊருக்கு வந்துவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல்தான். பயிற்சிக் கூடத்தின் வாசலில் பையோடு நின்றேன். "என்ன மாதிரி ஆட இன்னும் கொஞ்ச நாள் வேணும்" என்றேன். அவர் என் பையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். மே மாதம் ஆட்டங்கள் முடிகிறவரை பார்க்கலாம், அடுத்த வருஷத்துக்கு அப்புறம்தான் சொல்வேன் என்றார். அரங்கம் ஒரு பள்ளிக்கூடத்தினுடையது. நான் தங்கியிருப்பது பந்துகள் வைக்கிற அறைக்குப் பக்கத்து அறை. அறையெல்லாம் ரப்பர் வாசனை.

போன வெள்ளிக்கிழமை இறங்கினேன். முதல் பாதி முழுக்கத் தப்பு. இரண்டு பாஸ் நேராக எதிராளி கைக்கே கொடுத்தேன். எடுத்துவிடுவார் என்று பெஞ்சைப் பார்த்தேன். விசில்காரி என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் பாதியில் கால் என்னுடையதாக ஆனது. தோற்றோம். ஆனால் நான் ஆடினேன்.

வீட்டில் இப்போது சொல்லாதே. இங்கே இடம் பிடித்த பிறகு நானே சொல்கிறேன், கண்டிப்பாகப் பிடிப்பேன்.

எல்லோரும் எப்படி இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்றே கேட்கிறார்கள். நீ முதல் கடிதத்தில் ஏதோ கேட்க வேண்டும் என்றாயே. அதையாவது கேள். என்னிடம் யாராவது எதையாவது கேட்டு நாளாகிவிட்டது.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். புது இடத்தில் போர்வை கனமாக இருக்கிறதா, முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் கிடைக்கிறதா என்று எழுது.

நான் சொல்லவில்லை. ஆனால் உறைமேல் வேறு முகவரி இருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். நான் படித்து முடிக்கிறவரை எதிரில் நின்றாள்.

"எறங்கினாளா?" என்றாள்.

"எறங்கினாம்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அப்பாவிடம் அவளே சொல்லியிருக்க வேண்டும். இந்த வாரம் அவர் உன்னை வந்துவிடச் சொல்லி எழுது என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட அரங்கம் என்றால் வளையம் யார் அடித்தது, பற்றவைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டார்.

உங்கள் மீதி ஆட்டங்களின் எதிரணிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இரண்டாம் நிலை என்பதால் படம் சரியாகக் கிடைக்கவில்லை, யாரோ பின்வரிசையில் கை நடுங்கப் பிடித்ததுதான் இருக்கிறது. கிடைத்ததை இணைத்திருக்கிறேன். இந்தத் தடவை நீ அவர்களாக ஆடுவதற்கு இல்லை. அவர்களைத் தாண்டுவதற்கு.

நீ கேட்கச் சொல்கிறாய். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கேட்டால் தைரியம் வரும் என்று தோன்றுகிறது. அதனால் முதலில் போட்டுவிடுகிறேன்.

உன் அன்புத் தங்கை

அக்கா, வேலை நிரந்தரமானதும் நான் செய்த முதல் காரியம் பாஸ்போர்ட் எடுத்ததுதான். அதைச் சொல்லத்தான் செப்டம்பரில் எழுத உட்கார்ந்தேன். உன் பதிலில் கொக்கு வந்துவிட்டாள். நீ கோட்டோடு உட்கார்ந்திருக்கும்போது இதை எப்படிக் கேட்பது?

நீ ஆடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு ஆட்டத்தையும் நான் நேரில் பார்த்ததில்லை. அம்மாவும் அப்பாவும் வேலையில் இருப்பார்கள், வீட்டில் யாராவது இருக்க வேண்டும், எனக்குப் பரீட்சை இருக்கும். நீ கோப்பையோடு வருவாய், நான் கதவைத் திறப்பேன். திரையில் நீ என் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறாய். உன் ஷூ தரையில் என்ன சத்தம் போடும் என்றுகூட எனக்குத் தெரியாது.

மே மாதத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வாயைத் திறந்து வழி கேட்கத் தெரியாதவள் எங்கே போய்ச் சேருவாள் என்று அத்தை சிரிக்கிறார். எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று மட்டும் எழுது, மீதியை நான் வாயைத் திறந்து கேட்டுக்கொள்வேன். அன்றைக்கு நீ ஜெயிக்க வேண்டும் என்று இல்லை. அடுத்த வருஷம் உன்னை வைத்துக்கொள்வார்களா என்பதும் அன்றைக்குத் தெரிய வேண்டியதில்லை.

கடைசி ஆட்டத்துக்கு நான் வரட்டுமா?